சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்களும் என் உகுலேலேவும்

போன வருடம் பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த தம்பி, "அக்கா, எனக்கு இதைத் தொடவே நேரம் இல்ல, நீ வச்சுக்கோ" என்று ஒரு சின்னப் பையைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே ஒரு சோப்ரானோ, அதாவது சின்ன அளவு உகுலேலே. மொத்த நீளம் 21 அங்குலம், நான்கு நைலான் தந்திகள், மடியில் வைத்தால் ஒரு குழந்தையின் கனம்கூட இல்லை. அத்தை இன்றுவரை அதைச் "சின்ன கிட்டாரு" என்றுதான் சொல்கிறார். எனக்கு அப்போது 39 வயது, அதுவரை ஒரு வாத்தியத்தையும் கையில் எடுத்ததில்லை. ஒரு மாதத்தில் சி, ஏ மைனர், எஃப், ஜி செவன் என்று நான்கு கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டுகள்) கைக்கு வந்துவிட்டன. அப்புறம் அதைத் தொடாமல் படுத்தால் ஏதோ வேலையை விட்டுவிட்ட மாதிரி இருக்கத் தொடங்கியது.

இப்போது என்னிடம் இரண்டு உகுலேலே இருக்கின்றன. பக்கத்து வீட்டில் யாருக்கும் நான் வாசிப்பது தெரியாது. ஆனால் இந்த நிலைக்கு வர ஆறேழு மாதம் ஆனது, கொஞ்சம் பணம் வீணானது, முதலில் செய்திருக்க வேண்டியதை மூன்றாவதாகச் செய்தேன். என்னைப் போல சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு ராத்திரியில் மட்டுமே வாசிக்க முடிகிற யாருக்காவது உதவும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம். ஒரே வரிசையில் மூன்று லைன் வீடுகள், நடுவில் இருப்பது எங்களுடையது. மேலே சிமெண்ட் ஷீட், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நாலரை இஞ்ச் சுவர். நான் மாங்கூழ் தயாரிக்கிற ஒரு ஃபேக்டரியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சீசன் தொடங்கிவிட்டால் தோத்தாபுரி ஏற்றிய வண்டிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும், எடைச் சீட்டு, கமிஷன், லோடு கணக்கு எல்லாம் முடித்துவிட்டு வீடு சேரும்போது மணி எட்டரை, சில நாள் ஒன்பது. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்தபின் எனக்கென்று மிஞ்சுவது ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரை. நான் வாசிக்க முடிவது அந்த முக்கால் மணி நேரம்தான், ஊரே படுக்கப் போவதும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான்.

ஜூன் மாதம் இடது பக்க வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள், கைக்குழந்தையோடு. அவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஏ ஷிஃப்ட் வாரத்தில் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார். சி ஷிஃப்ட் வாரத்தில் பகலில்தான் தூக்கம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஒருநாள் காலையில் ஒகேனக்கல் தண்ணீர் விடுகிற நேரத்தில் குடத்தோடு நின்றிருந்தபோது அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க வாசிக்கிறது நல்லாத்தான் இருக்குது. அவருக்குத்தான் தூக்கம் கலைஞ்சிடுது. காலைல மெஷின்ல நிக்கணும்ல."

மெஷினில் நிற்கிறவருக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போனால் என்னவெல்லாம் ஆகும் என்பது ஃபேக்டரியில் வேலை பார்க்கிற எனக்குத் தெரியாததா? அன்றிலிருந்து நான்கு நாள் அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சொந்தக்காரர் ஒருவர், "முக்கால்வாசி பத்து மணிக்குள்ளதானே வாசிக்கிற, சட்டப்படி யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரைதான், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவும் இருக்கிறது. இருக்கட்டும். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற வீட்டாரிடம் டெசிபல் கணக்குப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

சின்னப் பொருள், அதனால் சின்னச் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். அது தவறு. கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. சாதாரண உகுலேலேயில் மிகத் தாழ்ந்த தந்தியே நடு சி, அதாவது சுமார் 262 ஹெர்ட்ஸ். மனிதக் குரல் இருக்கிற இடத்திலும் அதற்கு மேலும் இருக்கிற ஒலி. காது அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இதன் பூர்வீகமும் அமைதியானது இல்லை. 1879இல் மதீரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன போர்ச்சுகீசியர்கள் கொண்டுபோன குட்டிக் கிட்டாரிலிருந்து வந்தது இது. அவர்கள் இறங்கிய கொஞ்ச நாளிலேயே ராத்திரி நேரத்தில் தெருவில் வாசித்து மக்களை மகிழ்விக்கிறார்கள் என்று அந்த ஊர்ப் பத்திரிகையில் செய்தி வந்திருக்கிறது. ராத்திரித் தெருவுக்குப் பொருந்திய வாத்தியத்தை நான் நாலரை இஞ்ச் சுவருக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உகுலேலேயின் தலைப்பகுதியை, அதாவது முறுக்காணிகள் இருக்கிற முனையை, இரும்பு பீரோவின் கதவில் மெதுவாக அழுத்திக்கொண்டு ஒரு தந்தியை மீட்டுங்கள். பீரோவே பாடும். நைலான் தந்திக்குத் தனியாகச் சத்தம் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அது பிரிட்ஜை, அதாவது தந்திகளைத் தாங்குகிற சின்னக் கட்டையை ஆட்டுகிறது, பிரிட்ஜ் மேல்பலகையை ஆட்டுகிறது, பலகைதான் காற்றை ஆட்டுகிறது. உள்ளே இருக்கிற காற்றும் நடு ஓட்டை வழியாகச் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பலகை வேறு எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் பலகையாகிவிடும். நான் அதுவரை எங்கே உட்கார்ந்து வாசித்தேன் தெரியுமா? இரும்புக் கட்டிலில், இடது பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு. கட்டிலின் தலைமாடும் அதே சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தலை வைத்துப் படுக்கிற இடம்.

அன்றைக்கே இடத்தை மாற்றினேன். வலது பக்க வீட்டில் ஒரு தாத்தா மட்டும்தான், அவருக்குக் காது மந்தம், ஆனாலும் அவர் சுவரையும் தொடாமல் அறையின் நடுவே பாயைப் போட்டு, அதன்மேல் மடித்த மெத்தையில் உட்கார்ந்தேன். இதற்குப் பைசா செலவில்லை.

அடுத்தது வாத்தியத்தையே அமைதியாக்குவது. எல்லோரும் முதலில் சொல்வது நடு ஓட்டைக்குள் துணியை அடைப்பது. பையனின் ஸ்கூல் சாக்ஸ் இரண்டை அடைத்துப் பார்த்தேன். தாழ்ந்த ஒலி கொஞ்சம் மெலிந்தது, மேல் ஒலி அப்படியே இருந்தது. மேல்பலகை சுதந்திரமாக ஆடிக்கொண்டிருக்கும்போது ஓட்டையை மட்டும் அடைத்து என்ன பயன்? ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லை, அவ்வளவுதான்.

உண்மையில் வேலை செய்தது ஸ்பாஞ்சு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சின் மஞ்சள் பகுதியை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜை ஒட்டினாற்போலத் தந்திகளுக்கு அடியில் செருகுங்கள். தந்தியின் ஆட்டம் பலகைக்குப் போவதற்கு முன்பே பாதி உறிஞ்சப்பட்டுவிடும். ஒலி நீளாது, "டொக், டொக்" என்று நின்றுவிடும், ஆனால் சுரம் கேட்கும். இதைச் சரியாக வைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. பிரிட்ஜிலிருந்து தள்ளி வைத்தால் சுரமே தெரியாமல் வெறும் தட்டல் சத்தம்தான் வரும். ஸ்பாஞ்சு உயரமாக இருந்தால் தந்தியை மேலே தூக்கும், தூக்கினால் சுருதி ஏறிவிடும், ட்யூனரில் சரியாக வைத்த நாலு தந்தியும் கலைந்து நிற்கும். ஆகவே தந்தியைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற உயரத்துக்குச் சீவிக்கொள்ள வேண்டும், வைத்தபின் ஒருமுறை சுருதி பார்த்துக்கொள்ள வேண்டும். செல்போன் பெட்டியில் வருகிற அடர்த்தியான ஃபோம் இன்னும் நன்றாக இருக்கிறது, சீக்கிரம் அமுங்கிப் போவதில்லை. எதுவும் கிடைக்காத நாளில் கைக்குட்டையை மடித்து தந்திகளுக்கு நடுவே மேலும் கீழுமாகக் கோத்துவிடுவேன்.

வலது கையையும் மாற்றினேன். தம்பி கொடுத்த பையில் இருந்த, தந்தியை மீட்டுகிற பிளாஸ்டிக் பிக்கைத் தூக்கி உள்ளே வைத்தேன். நகத்தை ஒட்ட வெட்டி, கட்டைவிரலின் சதையால் மட்டும் வருடுவது போல அடிக்கப் பழகினேன். பிக் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு உகுலேலேக்கென்றே மெத்தென்ற ஃபெல்ட் பிக் கிடைக்கிறது. பழைய தோல் பர்ஸை வெட்டி நானே ஒன்று செய்துகொண்டேன், அதுவும் போதும். இன்னொன்று, நான்கு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கிவிடலாம். நான்கு தந்திகளின் வழக்கமான சுருதியான ஜி-சி-இ-ஏ என்பது எஃப்-பி ஃப்ளாட்-டி-ஜி ஆகும். விரல் வைக்கிற இடம் எதுவும் மாறாது, தந்தி தளர்வதால் சத்தமும் கொஞ்சம் அடங்கும். இதற்கு மேலும் இறக்கினால் தந்தி தொளதொளவென்று ஃப்ரெட்டில் (கழுத்தில் இருக்கிற குறுக்குக் கம்பியில்) அடிக்கும், வேண்டாம்.

செல்போனில் ஒலி அளக்கிற ஆப் ஒன்றைப் போட்டு, ஒரே இடத்தில் போனை வைத்து முன்பும் பின்பும் அளந்து பார்த்தேன். அது காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது போல இருக்கும். ஸ்பாஞ்சும் கட்டைவிரலும் சேர்ந்து எனக்கு அதற்கும் மேலேயே குறைத்துக் கொடுத்தன.

சத்தமே இல்லாமல் பழகுகிற வழி ஒன்றும் இருக்கிறது. அது பையனின் பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் பழகியது. மார்ச் மாதம் முழுக்க அவன் பக்கத்தில் படித்துக்கொண்டிருப்பான், நான் வலது கையைத் தூக்காமல் இடது கையால் மட்டும் கார்டு மாற்றிக்கொண்டிருப்பேன். சி-க்கு ஏ தந்தியில் மூன்றாவது ஃப்ரெட், ஏ மைனருக்கு ஜி தந்தியில் இரண்டாவது, அங்கிருந்து எஃப்-க்கு அதே விரலை எடுக்காமல் இ தந்தியில் முதல் ஃப்ரெட்டை மட்டும் சேர்ப்பது. ஒரு மாதம் இப்படிச் செய்ததில், ஏப்ரலில் சத்தமாக வாசித்தபோது மாற்றங்கள் தானாக விழுந்தன. இடது கைக்குச் சத்தம் தேவையில்லை என்று அப்போது புரிந்தது. அதேபோல இடது விரல்களைத் தந்திகளின்மேல் லேசாக வைத்து மூடிக்கொண்டு வலது கையால் தாளம் மட்டும் அடிக்கலாம். கையில் இருக்கிற நேரத்தில் பாதியை இந்த இரண்டுக்கே கொடுக்கலாம்.

இவ்வளவும் செய்தபின் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டேன். "முன்னைக்கு இப்ப பரவால்லக்கா" என்றாள். இந்த ஊரில் "பரவால்ல" என்றால் இன்னும் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சரி, சத்தமில்லாத உகுலேலே ஒன்றையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் என் பணம் போனது. ஆன்லைனில் "எலக்ட்ரிக் உகுலேலே" என்று தேடி, ஹெட்போன் படம் போட்டிருந்த ஒன்றை ஆர்டர் செய்தேன். வந்தது ஒரு டெனர், 26 அங்குலம். அழகான பொருள்தான், ஆனால் வயிறு உள்ளீடற்றது, நடுவில் ஓட்டை. சாதாரண உகுலேலே ஒன்றில் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பிக்கப்பும் ஒயர் செருகுகிற ஜாக்கும் வைத்து விற்கிறார்கள், அவ்வளவுதான். ஒயரைச் செருகினாலும் செருகாவிட்டாலும் பலகை தன் பாட்டுக்கு ஆடும். உடம்பு பெரியது என்பதால் என் சோப்ரானோவைவிட அதிகச் சத்தம். மேடையில் ஸ்பீக்கரில் இணைத்து வாசிக்கிறவர்களுக்கானது அது. திருப்பி அனுப்பினேன், ஒரு பகுதிப் பணம் பிடித்தம் போகத்தான் வந்தது. "எலக்ட்ரிக்" என்ற சொல்லை மட்டும் பார்த்து யாரும் வாங்காதீர்கள். "சாலிட் பாடி" என்று இருக்கிறதா, பக்கவாட்டுப் படத்தில் உடம்பு ஒரே பலகையாகத் தெரிகிறதா, நடுவில் ஓட்டை இல்லையா, இந்த மூன்றையும் பாருங்கள்.

அக்டோபரில் ஒரு நாள் ராத்திரி மழை, கரண்ட் போய்விட்டது. இருட்டில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால், இடது பக்கச் சுவரின் தலையில் வரிசையாக அரைநிலா அரைநிலாவாக வெளிச்சம். அவர்கள் வீட்டில் எமர்ஜென்சி லைட் எரிந்துகொண்டிருந்தது. ஷீட் அலை அலையாக இருக்கிறது, சுவர் நேராக இருக்கிறது, ஆக ஒவ்வொரு அலை மேட்டுக்கும் அடியில் ஒரு கை நுழைகிற சந்து. நடுவே குறுக்குச் சட்டம் மறைத்ததால் பகலில் அது கண்ணுக்குப் பட்டதே இல்லை. வெளிச்சம் வருகிற வழியில் சத்தம் போகாமல் இருக்குமா?

மறுநாள் பையனை அவர்கள் வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டு இங்கே வாசித்தேன். திரும்பி வந்தவன், "அம்மா, சத்தம் சுவத்துலேர்ந்து வரல, மேலேர்ந்து இறங்குது" என்றான். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தாழ்ந்த ஒலிதான் சுவரையே ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகும். உயர்ந்த ஒலியைச் சுவர் நன்றாகவே தடுத்துவிடும், ஆனால் ஒரு சின்ன இடுக்கு கிடைத்தாலும் அதன் வழியே ஒழுகிவிடும். உகுலேலே முழுக்க முழுக்க அந்த உயர்ந்த ரகம். நான்கு மாதமாக வாத்தியத்தின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், வீட்டின் சந்து திறந்தே கிடந்தது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். சிமெண்ட் பூசட்டுமா என்றார். பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதைத் தட்டுவதும் துளைப்பதும் தூள் கிளம்பி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் வேண்டாம் என்றேன். வீட்டில் கிடந்த இரண்டு பழைய தலையணையின் இலவம்பஞ்சை எடுத்து, அத்தையின் கிழிந்த காட்டன் புடவையில் நீள நீளமாகப் பை தைத்து, உருட்டி, ஏணி போட்டு ஒவ்வொரு சந்திலும் குச்சியால் இறுக்கமாகத் திணித்தேன். மொத்தம் பதினான்கு சந்து. அத்தை கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் அவர்கள் பக்கத்திலிருந்தும் துணி அடைத்துக் கொடுத்தாள். "எங்க வீட்டு டிவி சத்தமும் உங்களுக்கு வந்திருக்குமேக்கா" என்றாள். வந்துகொண்டுதான் இருந்தது, நான் சொன்னதில்லை. வாசற்கதவின் அடி இடுக்குக்கு ஒரு பழைய துண்டை உருட்டி வைத்தேன்.

அன்று ராத்திரி அவள் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கேட்டால் மிஸ்டு கால் கொடுக்கிறேன் என்றாள். நான் ஸ்பாஞ்சோடு பத்து நிமிடம் வாசித்தேன். போன் அடிக்கவில்லை. ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் வாசித்தேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரு மிஸ்டு கால் வந்தது. அப்போதுதான் என் எல்லை எது என்று எனக்குச் சரியாகத் தெரிந்தது. மறுநாள் கேட்டபோது, "லேசா, எங்கயோ ரேடியோ பாடுற மாதிரி" என்றாள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு டார்ச்சைச் சுவரோரமாக அடிக்கச் சொல்லி, எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஸ்பாஞ்சு வைத்த ஒலியையே கேட்டுக் கேட்டு மனம் வறண்டுவிட்டது. தீபாவளி போனஸில் நிஜமான சாலிட் பாடி ஒன்றுக்காகப் பெங்களூர் போனேன். கிருஷ்ணகிரியில் ரயில் இல்லை, பஸ்ஸில் இரண்டு, இரண்டரை மணி நேரம். இந்த வகையில் ஜெர்மனியின் ரிசா நிறுவனம் உடம்பே இல்லாத தடி மாதிரியான உகுலேலே செய்கிறது, எலியூக் என்ற பெயரில் ஹெட்போன் ஓட்டையோடு வந்த சாலிட் பாடியும் உண்டு, யமஹாவின் சைலன்ட் கிட்டாரும் இதே வழிதான், வெறும் சட்டம் மட்டும். இவையெல்லாம் எனக்குக் கைக்கு எட்டாத விலை. தம்பியின் நண்பர் வட்டத்தில் ஒருவர் பயன்படுத்திய கான்செர்ட் அளவு சாலிட் பாடியை விற்கிறார் என்று தெரிந்து அதை வாங்கினேன். அதுவே என் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

வாங்கும்போது நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். முதலில் ஒயர் எதுவும் செருகாமல் அமைதியான அறையில் வாசித்துப் பாருங்கள். முழு மௌனம் வராது, கொசு பாடுகிற மாதிரி ஒரு சின்ன "டிங்" இருக்கும், அறைக் கதவை மூடினால் அது கேட்கக் கூடாது. நைலான் தந்தி என்றால் பிரிட்ஜுக்கு அடியில் அதிர்வையே பிடிக்கிற பியசோ பிக்கப் இருக்க வேண்டும், ஏனென்றால் எலக்ட்ரிக் கிட்டாரில் இருக்கிற காந்தப் பிக்கப்புக்கு நைலான் தந்தி தெரியாது, இரும்புத் தந்திதான் தெரியும். பிறகு ஓட்டைகளைப் பாருங்கள். ஹெட்போனுக்கென்று தனி ஓட்டை இருந்தால் உள்ளேயே ஒலியைக் கூட்டுகிற சின்ன ஆம்ப் இருக்கிறது, பேட்டரி மட்டும் பார்த்தால் போதும். பெரிய ஜாக் ஒன்று மட்டும் இருந்தால், அதில் ஹெட்போனை நேராகச் செருகினால் ஒன்றும் கேட்காது அல்லது ஒரு காதில் மட்டும் கிசுகிசுக்கும்; நடுவே சின்ன ஹெட்போன் ஆம்ப் வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நான்கு தந்தியும் ஒரே அளவுக்குக் கேட்கிறதா என்பதையும் பாருங்கள், பிக்கப் சரியாக உட்காராவிட்டால் ஓரத் தந்தி மட்டும் அமுங்கிப்போகும். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். விரல் மீட்டியபின் காதுக்கு ஒலி தாமதமாக வரும், தாளமே பிசகும். ஒயர் வைத்ததுதான் சரி.

முதல் ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏ தந்தியை மீட்டியபோது, அது முழுதாக நீண்டு மெல்ல அடங்குகிற வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஐந்து மாதமாக அந்த நீட்சியை நான் கேட்கவில்லை. மணி பதினொன்று தாண்டியதே தெரியவில்லை.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, நேத்து பாட்டு மட்டும் கேட்டுச்சு, கிட்டார் கேக்கல" என்றாள். ஹெட்போன் போட்டால் நம் குரல் நமக்குத் தெரியாது. முணுமுணுப்பதாக நினைத்து வாய்விட்டே பாடியிருக்கிறேன். காலால் தரையில் தாளமும் போட்டிருக்கிறேன், மூன்று வீட்டுக்கும் அடித்தளம் ஒன்று, அதுவும் போய்ச் சேர்ந்திருக்கும். அன்றிலிருந்து ஒரு காதில் மட்டும் ஹெட்போன், காலடியில் மடித்த மிதியடி.

அமைதியாகப் பழகுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பொங்கலுக்குத் தம்பி வந்தபோது வாசிக்கச் சொன்னான், பழைய சோப்ரானோவை எடுத்து ஸ்பாஞ்சு இல்லாமல் வாசித்தேன். கை பயந்து பயந்து வருடியது. எஃப் கார்டில் ஒரு தந்தி ஃப்ரெட்டில் உரசி "ஜ்ஜ்" என்றது. இத்தனை மாதமாக ஸ்பாஞ்சு அந்த உரசலை மறைத்திருக்கிறது, நான் விரலைத் தப்பாக வைத்தே பழகியிருக்கிறேன். சாலிட் பாடியிலும் அப்படித்தான், ஒலியளவைப் பொத்தான் பார்த்துக்கொள்வதால் கையில் மெல்லியது எது, அழுத்தமானது எது என்ற வேறுபாடு வளர்வதில்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது எதையும் அடைக்காமல், யாருக்கும் பயப்படாமல் வாசித்தே ஆக வேண்டும்.

அதற்கு எனக்குக் கிடைத்த இடம் அம்மா வீடு. காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம், வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மோட்டார் ரூம் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் முழுக் கையால் அடிப்பேன். திறந்த வெளியில் சத்தம் திரும்பி வராது, அதனால் கை தானாகவே அழுத்தம் கூட்டும். முதல் இரண்டு வாரம் தோப்புக் காவலுக்கு இருக்கிற பெரியவர் என்னவோ ஏதோ என்று வந்து பார்த்தார். இப்போது எட்டத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார். "நிறுத்தாத கண்ணு, நல்லாத்தான் கீது" என்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரரின் மாத ஷிஃப்ட் தாளை அவர் மனைவி போனில் படம் பிடித்து அனுப்புகிறாள், அதை அடுப்பங்கரைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். ஏ ஷிஃப்ட் வாரம் என்றால் சாலிட் பாடி, ஹெட்போன். சி ஷிஃப்ட் வாரம் ராத்திரியில் அவர் வீட்டிலேயே இல்லை, ஸ்பாஞ்சோடு சோப்ரானோ வாசித்தால் குழந்தைக்குத் தொந்தரவில்லை. இந்த வாரம் பி ஷிஃப்ட். அவர் வர ராத்திரி பதினொன்றரை ஆகும். நேற்று ஒன்பதரைக்கு அந்தப் பெண்ணே மிஸ்டு கால் கொடுத்தாள், திருப்பிக் கூப்பிட்டால், "அக்கா, பாப்பா தூங்க மாட்டேங்குது, அந்த ஸ்பாஞ்ச எடுத்துட்டுக் கொஞ்சம் வாசிங்களேன்" என்றாள்.